சைபீரியாவில் அந்த ஆள்

என் மனைவி றோஷினிக்குக் குளிர் ஆகாது. நாங்கள் இருக்கும் நொஷாட்டலில் ஏப்ரல் மாதத்திலும் இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். அப்படிப்பட்டவள் ஆராய்ச்சி செய்ததோ, வடதுருவத்தை ஒட்டி வருடம் முழுவதும் உறைந்து கிடக்கும் நிலத்தை. பஸ் ஓட்டுகிற எனக்கு இதைவிட நல்ல பகிடி கிடைக்காது.

அந்த நிலம் எவ்வளவு வேகமாக இளகுகிறது என்று ஒரு நாடு தனியாக அறிய முடியாது. நோர்வேக்காரர் ஒரு பக்கம், கனடாக்காரர் ஒரு பக்கம் அளந்தார்கள். சைபீரியாவில் ஆர்தியோம் என்றொருவர் ஆழமான குழிகளில் வெப்பமானியை இறக்கி, அளவுகளை றோஷினிக்கு அனுப்புவார். நல்ல சிநேகிதர். பிறகு அவருடைய நாடு போரைத் தொடங்கியது. மற்ற நாடுகள் அதனோடு கதைப்பதை நிறுத்தின. அவர் நிறுத்தவில்லை, களவாக அனுப்பினார். தன் பெயரை மட்டும் போடவேண்டாம் என்று எழுதினார். தெரிந்தால் சிறைதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் இல்லை, ‘அந்த ஆள்’ ஆகிவிட்டார். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். றோஷினி இந்த நாட்டிலேயே, ஊஸ்டரில் வளர்ந்தவள். எங்கள் ஊர்ச் சண்டைக் காலத்தில் அவளுடைய அம்மா, மாமி மக்டலின், மன்னாருக்குப் போன் எடுத்தால், யாரும் ஒட்டுக்கேட்கக்கூடும் என்று சொந்தத் தம்பியின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார். “ஆள் எப்பிடி?” என்பார். “இருக்கிறார்” என்று பதில் வந்தால் போனை வைத்துவிட்டு அழுவார். தமிழர் எல்லோருமே போனில் இப்படித்தான் கதைப்பார்கள் என்று சின்ன றோஷினி நினைத்திருக்கிறாள்.

போன வருடம் அவளுடைய கட்டுரை தயாரானது. அது வெளிவந்தால்தான் பல்கலைக்கழக வேலை நீளும். கடைசி நேரத்தில் சைபீரிய அளவுகள் முழுவதையும் எடுத்துவிட்டாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

“பெயர் போடாட்டில் போதும் எண்டுதானே அவர் சொன்னவர்? உமக்கென்ன விசரோ?”

“அந்தக் குழியளுக்குப் போய் அளக்கிறது அவர் ஒருத்தர்தான். பெயர் போடாட்டிலும் ஆரெண்டு பிடிச்சிடுவாங்கள்.”

“அப்ப உம்மட வேலை?”

“போனாப் போகட்டும்.”

அரைகுறை என்று கட்டுரை திரும்பி வந்தது. வேலையும் போனது. இப்போது பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறாள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அந்த ஆளுக்கும் கோபம். உயிரைப் பணயம் வைத்து எடுத்ததை வீணாக்கிவிட்டாய் என்று எழுதினார். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. கோபத்தில் எழுதவில்லையா, எழுத முடியாத இடத்தில் இருக்கிறாரா? றோஷினி சாப்பிடும்போதுகூடப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்த நண்டுக்கறியே சட்டியில் அப்படியே கிடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. பார்த்தவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். சைபீரியக் குழிகளின் இந்தக் குளிர்காலத்து அளவுகள் வந்திருந்தன. கடிதம் இல்லை, வணக்கம்கூட இல்லை.

 வாயில் வந்ததைக் கேட்டேன்.

“ஆள் எப்பிடி?”

“இருக்கிறார்” என்றாள். போனை வைத்துவிட்டு அழுதாள்.