காலி நாற்காலி போட்ட அட்டை

அக்னஸ் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் எங்கள் கடை இழந்த வியாபாரத்தைச் சொன்னால் உங்களுக்கே வயிறு எரியும். திண்டிவனத்தில் நானும் அவளும் கூட்டாக ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறோம். வல்லத்திலிருந்து காதுகுத்துக்கு பேனர் அடிக்க வந்த ஒருவர், டிசைனைப் பார்த்துவிட்டு, "எப்டிம்மா இருக்குது?" என்று ஆசையாகக் கேட்டார்.

"சகிக்கலண்ணா. ஊர்ப்பட்ட தலை இருக்குது, காதுகுத்துற கொழந்தைய காணோம்" என்றாள்.

மனிதர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "கேட்டாரு, சொன்னேன்" என்றாள் அவள், மவுஸை விடாமலே.

இப்படிப்பட்டவளைப் பிடித்த பைத்தியம் ஜாஸ் இசைத்தட்டு. டிசைனுக்கு ஐடியா கிடைக்கும் என்று பாண்டி சண்டே மார்க்கெட்டில் பழைய தட்டுகளை அவற்றின் மேலுறை அட்டைக்காக வாங்க ஆரம்பித்தாள். அப்புறம் உள்ளே இருப்பதையும் கேட்டுவிடலாமே என்று ஒரு பிளேயர் வாங்கினாள். போச்சு, அத்தோடு மாட்டிக்கொண்டாள். அட்டையும் பாட்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவள் கட்சி. குதிக்கிற ஆரஞ்சு நிற அட்டைக்குள் தூங்குமூஞ்சி பியானோ இருந்தால் அந்தத் தட்டு அடுத்த வாரமே வீட்டைவிட்டுப் போய்விடும். எனக்கோ அந்த இசை ஒரு மண்ணும் புரியாது. நாலு பேர் நாலு பக்கமும் திரும்பிப் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். சொன்னால், "அதாண்டி ஜாஸு" என்பாள்.

போன வருஷம் ஒரு காலி அட்டையோடு வந்து நின்றாள். கருநீல அட்டை. கீழே ஓரமாக ஒரு மர நாற்காலி, அதன் முதுகில் ஈரம் சொட்டும் குடை ஒன்று. மீதி முக்கால்வாசியும் வெறும் நீலம். உள்ளே தட்டு இல்லை.

"இதுக்கா துட்டு குடுத்த?"

"அந்த எடத்த பாரு பவானி. இத வரைஞ்சவன் எவ்ளோ காலியா வுட்டிருக்கான்! நம்ம ஊர்ல இவ்ளோ எடம் இருந்தா மாமனார் போட்டோவ அங்க போடுன்னுவாங்க. என்ன பாட்ட கேட்டுட்டு இவன் கையக் கட்டிக்கினு நின்னான்னு எனக்கு தெரிஞ்சாகணும்."

மார்க்கெட்டில் அந்த வியாபாரி அட்டையையும் தட்டையும் தனித்தனியாகப் பிரித்து விற்றிருக்கிறார். பாண்டி காபிக் கடைக்காரர்கள் சுவரில் மாட்ட அட்டையை வாங்குகிறார்களாம். தட்டை வாங்குகிறவர்கள் முள் பொருத்திக் கடிகாரம் ஆக்கிவிடுகிறார்களாம். அக்கா பதறிப்போய் விசாரித்ததில், தட்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனவர் விழுப்புரத்து மைக் செட் கோதண்டபாணி என்று தெரிந்தது. அந்தத் தட்டைக் கேட்க வேண்டும், அட்டையோடு சேர்க்க வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

முகையூர்ப் பக்கம் திருவிழா என்றால் கோதண்டபாணி செட்தான். ஜாஸ் தட்டுகளைச் சேர்ப்பதில் அக்காவுக்கு மூத்தவர், கொள்கையில் நேர் எதிரி. அவர் வீட்டில் ஒரு தட்டுக்குக்கூட அட்டை கிடையாது. பழைய பந்தல் துணியைச் சிவப்பும் மஞ்சளுமாக வெட்டிப் பை தைத்து, அதற்குள் போட்டு வைத்திருந்தார்.

"சட்டைய பாத்தா ஆள எட போடுவ? அட்டைய பாத்து ஏமாறாதம்மா" என்றாராம், அக்கா போய் நின்ற முதல் நாளே.

அக்கா அட்டையில் அச்சடித்திருந்த பதிவு எண்ணைக் காட்டினாள். அவர் ஒரு மஞ்சள் பையிலிருந்து தட்டை உருவினார். நடுவில் ஒட்டியிருந்த தாளில் அதே எண்.

"ஒரு வாட்டி போடுங்கண்ணா."

"அட்டைய குடு, போடறேன்."

"தட்ட குடுங்க, சொல்ற வெலைய தர்றேன்."

"தட்டு விக்கறதுக்கு இல்ல."

அக்கா கொதித்துக்கொண்டு வந்தாள். "அவருக்குத்தான் அட்டையே ஆகாதே, அப்புறம் எதுக்கு கேக்கறாரு?" என்றேன் நான். "எல்லாம் திமிரு. நான் பாட்டுக்கு பேசிக்கினே இருக்கேன், அந்தாண்ட திரும்பிக்கினு ஒயரு சுத்தறாரு" என்றாள்.

அதற்காக விட்டுவிட்டாளா? ஞாயிறு தவறாமல் விழுப்புரம் பஸ் ஏறினாள். அவரும் வராதே என்று சொல்லவில்லை. பழைய தட்டு எதைக் கேட்டாலும் போடுவார். "இந்த டிரம்ஸ்காரன் அவசரக் குடுக்கை" என்பார். "அவன் அட்டையிலயே அது தெரியும்" என்பாள் இவள். சண்டை பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் அந்த ஒரு தட்டை மட்டும் அவர் தொடவே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நானும் கூடப் போனேன்.

கோதண்டபாணி ஏதோ ஒரு தட்டைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். திருவிழா இரைச்சலில் பெட்டி வேலை செய்கிறதா என்று தொட்டுப் பார்த்துப் பழகிய கை. கண்ணை மூடித் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் முள் ஒரு கீறலில் மாட்டிக்கொண்டது. டக்-டொய்ங், டக்-டொய்ங் என்று அதே துண்டு திரும்பத் திரும்ப வந்தது. ஜாஸ் தெரியாத எனக்கே அது தெரிந்தது.

"அண்ணா, மாட்டிக்கிச்சு" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அடுப்படியிலிருந்து அவர் மனைவி சின்னபொண்ணு வந்து, முள்ளைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். பழகிய வேலை என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

கிளம்பும்போது சின்னபொண்ணு வாசல்வரை வந்தார். "காது போயி ரெண்டு வருஷம் ஆவுதும்மா. வாய பாத்துத்தான் பேசறாரு. மெஷினு வாங்கிக் குடுத்தோம். பாட்டு கரகரன்னு கேக்குதுன்னு கழட்டி வெச்சிட்டாரு. வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் செட்டுக்கு கூப்பிட மாட்டாங்க. யாராண்டயும் சொல்லிடாதீங்க."

"அப்போ அந்தத் தட்டு?" என்றாள் அக்கா.

"பழசெல்லாம் மனசுல இருக்குது, பொட்டி மேல கை வெச்சா அவருக்கு ஓடுது. அது போன வருஷம் வாங்கினது. எப்டி இருக்கும்னே தெரியாது. நீ பாட்ட கேட்டுட்டு அத பத்தி எதனா கேட்டா, என்னான்னு சொல்லுவாரு? அட்டைய பாத்தாவது தெரிஞ்சிக்கலாம்னு இருக்காரு, பாவம்."

நான் தயார் பண்ணி வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயினவோ.

அடுத்த ஞாயிறு அட்டையை பாலிதீனில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். "குடுத்துடப் போறியா?" என்றேன். "பேசாம வா" என்றாள்.

போனதும் அட்டையை அவர் கையில் வைத்துவிட்டு, முகத்துக்கு நேரே நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இத நீங்களே வெச்சிக்கோங்க. தட்ட போடுங்க. நான் கேட்டு சொல்றேன். நீங்க பாத்து சொல்லுங்க."

அவர் முகம் கறுத்துப்போயிற்று. மனைவியைத் திரும்பி முறைத்தார். "மொதல்ல ரெண்டு பேரும் வெளிய போங்க!" என்று கத்தினார். நான் எழுந்துவிட்டேன். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடற வரைக்கும் போவ மாட்டேண்ணா. நாளைக்கும் இங்கதான் இருப்பேன்."

அவர் ஒயரைச் சுற்றினார். சுற்றியதைப் பிரித்தார். திரும்பிப் பார்த்தார், இவள் அப்படியே இருந்தாள். அப்புறம்தான் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அந்த நீலத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். மெதுவாக எழுந்து போய் மஞ்சள் பையை எடுத்துவந்தார்.

தட்டு சுற்றியது. எனக்கு ஜாஸ் புரியாது என்றுதானே சொன்னேன்? அன்று என்னமோ புரிந்தது. ஒரு சாக்ஸபோன், ரெண்டு மூச்சு ஊதும், நின்றுவிடும். அந்த அட்டைக்காரன் மாதிரியே ஊதினவனும் இடம் விட்டு விட்டு ஊதினான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அக்கா முகம் மட்டும் மரக்கட்டையாக இருந்தது. கால்விரல்கள் சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. அவர் ஒரு கையைப் பெட்டிமேல் வைத்து, மறு கையில் அட்டையைப் பிடித்தபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டு முடிந்தது. "எப்டி இருக்குது?" என்றார்.

"சுமார்தாண்ணா" என்றாள் அக்கா. "அட்டைதான் ஒசத்தி. உள்ள ஒண்ணும் இல்ல."

அவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன்ல! அட்டைய பாத்து ஏமாறாதன்னு சொன்னேனா இல்லியா? ஏ சின்னபொண்ணு, இவங்களுக்கு டீ போடு!" தட்டை அட்டைக்குள் செருகி, பந்தல் துணிப் பைகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்தார். "அட்டை நல்லாத்தான் இருக்குது, ஒத்துக்கறேன்" என்று வேறு சொன்னார்.

பஸ்ஸில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நெஜமாவே சுமாராக்கா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இந்த மாதிரி ஒண்ண என் ஜென்மத்துல கேட்டதில்லடி" என்றாள். "அத போயி அவராண்ட எந்த வாயால சொல்றது?"

துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

"வர்ற ஞாயித்துக்கெழம பழையபடி கடைய நீயே பாத்துக்கோ" என்றாள்.