சித்திக்குப் பக்கத்து இருக்கை

"…கையை விடு மக்கா, கம்பியைக் கெட்டிப் பிடிச்சுட்டு இருக்கியதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே" என்று சித்தி சொல்லி முடிப்பதற்குள் வண்டி உச்சியைத் தாண்டிவிட்டது.

அதன்பின் அவள் என்ன சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. என் வயிறு மேலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தேன். சித்தி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்தாள். அலறுவது என் பங்கு, சிரிப்பது அவள் பங்கு. காலையில் பொழுதுபோக்குப் பூங்காவின் கதவு திறந்ததிலிருந்து இதே ஏற்பாடுதான்.

வண்டி நின்றதும் நான் வாசல் பக்கம் நழுவப் பார்த்தேன். சித்தி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "வரிசை குறைவாக்கும், ஓடி வா."

எனக்கு அப்போது பத்து வயது. சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. நெய்யாற்றின்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவள் மாட்டிவிட்ட கண்ணாடி வழியாகத்தான் பேப்பர் படித்தார்கள். அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்ததோ ஒன்றே ஒன்று, ரோலர் கோஸ்டர். மற்ற பெண்கள் போனில் சேலையும் சமையலும் பார்க்கும்போது இவள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஓடுகிற வண்டிகளைப் பார்ப்பாள். சும்மா பார்ப்பதில்லை, குறை சொல்லிக்கொண்டு பார்ப்பாள். "ஏற்றம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, இறக்கத்துல பிரேக்கைப் பிடிச்சுக் கெடுத்துட்டான்" என்பாள், வெள்ளறடை பஸ்ஸை ஓட்டுகிறவரைப் பற்றிப் பேசுவதுபோல. லீவு கிடைத்தால் பூங்கா. கூட வர ஆள் இல்லாவிட்டால் தனியாகவே போய் வருவாள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அவள் ஏறாத வண்டி இல்லை என்று அம்மா சொல்வாள். பெருமையாக இல்லை. ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை என்று நோயாளி வீட்டார் சொல்வார்களே, அந்தக் குரலில்.

அன்று போன பூங்கா திருவனந்தபுரத்தையும் தாண்டி இருந்தது. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வருகிற இடம். அங்கிருந்த ஒரே ரோலர் கோஸ்டருக்கு முன்னால் பச்சைக் கம்பளிப்புழு முகம் வைத்திருந்தார்கள். புழு கண்ணைச் சிமிட்டும். ஏற்றம் இரண்டு தென்னை உயரம் இருந்தால் அதிகம். அமெரிக்காவையே குறை சொல்கிறவள் இதைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ முதல் சுற்று முடிந்ததும் இறங்கிப் போய்ப் புழுவின் தலையைத் தட்டிக்கொடுத்தாள். "பாவம், உள்ளதை வச்சு நல்லா ஓடுது."

நன்றாக ஓடுகிற வண்டியில் ஒருமுறை ஏறினால் போதாது என்பது அவள் கொள்கை. சக்கரம் குளிர்ந்திருக்கும்போது ஓட்டம் ஒரு மாதிரி, வெயில் ஏறிச் சக்கரம் சூடானால் இன்னொரு மாதிரி. முன்னால் உட்கார்ந்தால் ஒரு தினுசு, பின்னால் உட்கார்ந்தால் வேறு தினுசு. எல்லாவற்றையும் ஏறித்தான் அறிய வேண்டும். ஏறிவிட்டு என் அபிப்பிராயத்தை வேறு கேட்பாள்.

"இப்போ வேகம் கூடியிருக்கு. தெரிஞ்சுதா?"

"இல்ல."

"முதுகுல தெரியணும்."

"முதுகு வலிக்கியதுதான் தெரியுது."

"அதாக்கும் நான் சொன்னது" என்று அவள் திருப்தியாகிவிடுவாள். எத்தனையாவது சுற்று என்று எண்ணுவதை நான் அப்போதே விட்டிருந்தேன்.

அப்படியென்றால் ஏன் போய் உட்கார்ந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவின் உத்தரவு. ஒரு இருக்கையில் இரண்டு பேர் இருக்கலாம். சித்தி ஒற்றையாய் இருந்தால், வண்டிக்காரர் வரிசையில் நிற்கிற எவனையாவது பக்கத்தில் ஏற்றிவிடுவார். "கல்யாணம் ஆகாத பிள்ளை, வளைவுல போய் எவன் தோளிலயாக்கும் இடிக்கப் போறா" என்று அம்மா, பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுவதுபோல, என்னை அந்த இருக்கையில் போட்டாள்.

நான் கேட்டு வந்ததோ அலைக்குளம். பூவார் கடற்கரைக்குப் போனால், என் கணுக்கால் நனைவதற்குள் "அலை கொண்டு போயிரும்" என்று கூப்பாடு போடுகிற அம்மா, இங்கே சிமென்ட் குளத்தில் வருகிற அலையில் கழுத்துவரை நிற்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அங்கே அலை எப்போதும் வராது. சங்கு ஊதிவிட்டுத்தான் அலை விடுவார்கள். ஒவ்வொரு முறை சங்கு ஊதும்போதும் நான் புழுவின் மேல் இருந்தேன்.

உண்மையில் அன்று நாங்கள் விளையாட வந்தவர்களே இல்லை. சித்தியைப் பெண் பார்க்க ஆள் வருவதற்காக வந்திருந்தோம். இது என் மாமாவின், அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்த அண்ணனின், யோசனை. பெண் பார்க்க வீட்டுக்கு வந்து, சரிவராமல் திரும்பிப் போனால், பிறகு உதியன்குளங்கரைச் சந்திப்பில் மீன் வாங்கப் போகிற அம்மாவை நாலு பேர் நிறுத்திக் காரணம் கேட்பார்கள். முன்பும் கேட்டிருக்கிறார்கள். கடைசியாக வந்த மாப்பிள்ளைக்குச் சாயா கொடுக்கும்போதே சித்தி, "உங்களுக்கு முன்சீட்டா பின்சீட்டா இஷ்டம்?" என்று கேட்டுவிட்டாள். அவர் காரைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, சீதனத்தில் கார் உண்டாக்கும் என்று சந்தோஷப்பட்டு, அது பெரிய ரகளையாகிவிட்டது.

அதனால் மாமா பூங்காவைக் கண்டுபிடித்தார். தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பது. நடந்தால் பெண் பார்த்தோம், நடக்காவிட்டால் பூங்கா பார்த்தோம். "பிரியமான இடத்துல நிக்கும்போ அவளுக்க முகம் தெளிச்சமா இருக்கும். அந்த நேரம் பாத்து அவங்க வரட்டும்" என்றார். சித்திக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. எனக்கும் சொல்லவில்லை. ஆனால் அடுக்களையில் என் தலையைப் பின்னிக்கொண்டேதான் எல்லா ரகசியத்தையும் பேசினார்கள்.

மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை. லீவு முடியப் போகிறது. அன்றைக்கே சித்தி சம்மதித்துவிட்டால் அவர் விமானம் ஏறும்முன் நிச்சயதாம்பூலம். "இதும் கலைஞ்சா இனி ஒருத்தன் வாசல்லயும் போய் நிக்க என்னால முடியாது, கேட்டியா" என்று மாமா அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா பதிலுக்குப் புகைப்படத்தில் இருந்த சாமிகளைக் கும்பிட்டாள்.

தண்ணீரில் குதிக்கிற இடத்துக்குப் பட்டுச்சேலை கட்டி வந்த அக்காளைப் பார்த்துச் சித்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனில் சட்டை கசங்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்த அண்ணனையும் கேட்கவில்லை. அதை வைத்தே இவர்கள் சுதாரித்திருக்க வேண்டும்.

மத்தியானம் அம்மா வரிசைக்கே வந்து எங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கேன்டீன் பின்னால் நிறுத்தி, சித்தியின் தலையைச் சீப்பால் ஒரு வழி பண்ணினாள்.

"சவம், தலையைப் பாரு, காக்கா கூடு கெட்டினது மாதிரி!"

"காத்துல்லா அக்கா."

"அந்தக் காத்து உனக்கு மட்டும் தனியா அடிச்சோ? பெண்பிள்ளை மாதிரியா இருக்கு?"

"எதுக்கு இப்போ இவ்வளவு சீவியது? யாராவது வாறாங்களா?"

அம்மா சீப்பை இன்னும் அழுத்தினாள்.

குடை வைத்த மேசையில் நாங்கள் உட்கார்ந்ததும் மாமா எழுந்து, "அய்யோ, இது யாரு! நீங்களும் வந்தேளா!" என்று கத்தியதில் பக்கத்து மேசைக்காரர்கள் சோற்றோடு கையை நிறுத்திவிட்டார்கள். வெள்ளறடையில் ரப்பர்த் தோட்டம் உள்ள குடும்பம் அது. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும் வந்திருந்தார்கள். சாதுவான மனிதர். வந்ததும் எனக்கு ஒரு கோன் ஐஸ் வாங்கித் தந்தார். நான் அந்த நிமிஷமே என் சம்மதத்தைக் கொடுத்துவிட்டேன்.

அவர் சித்தியிடம் இங்கே எது பிடிக்கும் என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. சித்தி சக்கரத்தில் தொடங்கினாள். குளிர்ந்த சக்கரம், சூடான சக்கரம், வளைவு, இறக்கம். அம்மா மேசைக்கடியில் தன் காலால் அவள் காலைத் தேடி, தவறி மாமாவை மிதித்தாள். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதிகம் ஏறினா முதுகெலும்புக்குக் கேடாக்கும்" என்றார். காலையிலிருந்து ஒரு மனிதர் பேசிய முதல் நல்ல வார்த்தை அது. அவர் அம்மா சிரித்தார். "கல்யாணம் கழிஞ்சா இதொக்க தானே நிக்கும்."

சித்தி சாயாவை ஒரு வாய் குடித்தாள். பிறகு அவரைப் பார்த்து, "ஒரு தடவை வாறீங்களா?" என்று கேட்டாள்.

மாமாவுக்கு மூச்சு நின்று திரும்பியது. ஆனால் மாப்பிள்ளை உடனே எழுந்தார். "பின்னென்ன, வாறேனே."

நானும் பழக்க தோஷத்தில் எழுந்தேன். "எட்டி, நீ இருந்துக்கோ!" என்று அம்மா என் தோளை அமுக்கினாள். பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை உட்காரக் கூடாது என்று காலை முழுக்க என்னைக் காவல் வைத்தவள், ஓர் ஆண்பிள்ளை உட்கார வேண்டும் என்பதற்காக இப்போது என்னைப் பிடித்து வைத்தாள். நான் காரணம் கேட்கவில்லை. விடுதலை என்றால் விடுதலை. "அப்போ அலைக்குளம்?" என்றேன். "சும்மா நில்லு."

எல்லாரும் வேலியோரம் போய் நின்று பார்த்தோம். புழு கடகடவென்று ஏறியது. கடைசி இருக்கையில் அவர்கள் இருவரும். ஏற ஏற, பயப்படாதே என்று அவர் தைரியம் சொல்கிற குரல் கீழே வந்தது. "பேடிக்காண்டாம். நான் உண்டுல்லா. பேடிக்காண்டாம்." அம்மா மாமாவின் காதில், "பாசமுள்ள ஆளு" என்றாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உச்சியில் சித்தியின் கைகள் இரண்டும் எழும்பின. வளையல் வெயிலில் மின்னியது. இறங்குவதற்கு முன், பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு கைகள் வந்தன. சித்தியின் கைகளைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து, கம்பியில் வைத்து, மேலே தம் கைகளை வைத்து அமுக்கிக்கொண்டன. சுற்று முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. கம்பியைப் பிடிக்க வேண்டும் என்று பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். வண்டிக்காரர் காலையிலிருந்து "கை தாழ்த்து மோளே, எனிக்கு ஜோலி போகும்" என்று சித்தியிடம் கெஞ்சிப் பார்த்துக் களைத்திருந்தார். கடைசியில் சொல்பேச்சுக் கேட்க வைக்க ஒருவர் வந்தாரே என்று ஐஸை நக்கினேன்.

மேசைக்குத் திரும்பினோம். மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். "கொஞ்சம் பேடிச்சுப் போனாங்க. நான் கையைப் பிடிச்சு வச்சதுனால செரியாப் போச்சு."

"பெண்ணுக்குக் கொஞ்சம் பேடி வேணும். அதாக்கும் அழகு" என்றார் அவர் அம்மா.

"சித்திக்கா பேடி? காலையில இருந்தே ரெண்டு கையையும்…" என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். வலியோடு சித்தியைப் பார்த்தேன். ஜப்பான்காரன் பிரேக்கையே விடாதவள், இதற்கு நாலு வார்த்தை கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ மணிக்கட்டில் வளையல் அழுந்திய தடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இவளுக்காகப் பேசப் போய்க் கிள்ளு வாங்கினேனே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். அல்வா. நெய் மினுங்கியது. அம்மாவின் முகமும் அப்படியே மினுங்கியது. வீட்டில் காத்திருக்கும் என் அப்பாவுக்குச் சொல்ல மாமா போனைக் கையில் எடுத்துவிட்டார். அந்த அம்மாள் ஒரு துண்டை எடுத்துச் சித்தியின் வாய்க்கருகே நீட்டினார். "வாய் இனிக்கட்டும் மக்களே." அடுத்த துண்டு எனக்குத்தான் என்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"வேண்டாம் அம்மா" என்றாள் சித்தி, மெதுவாக, மரியாதையாக. "ஏறுதுக்கு முன்னால இனிப்பு தின்னக் கூடாதாக்கும்."

பச்சைப் பொய். வரிசையில் நின்ற நேரமெல்லாம் வெல்லம் பூசிய நேந்திரங்காய் வறுவலைத் தின்று தீர்த்தவள் அவள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் இடுப்பில் இருந்த அம்மாவின் விரல்கள் கிள்ளாமல், சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. மாமா போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நீட்டிய அல்வா நீட்டியபடியே நின்றது. மாப்பிள்ளை என்னமோ கேட்க நினைப்பவர்போல் சித்தியையும் புழுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு துண்டு அல்வாவை வேண்டாம் என்றதற்கு இவ்வளவு பெரிய ஆட்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், இந்தச் சித்தியின் பைத்தியத்தால் அல்வாவும் போச்சு என்பதுதான். எங்கோ அலைக்குளத்தில் சங்கு ஊதினார்கள்.

"நான் வரல்ல சித்தி" என்றேன். கிட்டத்தட்ட அழுதேன்.

சித்தி மிச்சமிருந்த சாயாவைக் குடித்து முடித்துக் கிளாஸை மேசையில் வைத்தாள். ஐஸ் ஒழுகிப் பிசுபிசுத்த என் கையைப் பிடித்தாள். அம்மா கூப்பிட்டதைக் கேளாமல் என்னை நடத்திக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் நின்றாள்.