பார்ப்போம்

சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் என் மனுவைப் புரட்டிய அதிகாரி, "பார்ப்போம்" என்றார். பக்கத்து வீட்டுக்குள் வெடிமருந்து அடைக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். அவருடைய "பார்ப்போம்" காதில் விழுந்ததும் பழைய பசை வாசம் மூக்கில் ஏறியது.

எங்கள் ஊர் நாரணாபுரத்துப் பொங்கல் நாடகத்தில் அப்பாதான் ராஜா. பட்டாசு சுற்றும் தங்கத்தாளில், பசை காயாத கிரீடம். எதிரி வருகிறான், கோட்டைக் கதவை அடைக்கவா என்று மந்திரி மூன்று முறை கேட்பார். ராஜா மூன்று முறையும் "பார்ப்போம்" என்பார். கடைசியில் மகனின் பிணத்தின்மேல் விழுந்து, "எல்லாம் விதி" என்று கதறுவார். ஊரே அழும்.

அதே அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒரு சித்திரை மதியம் நான் சோறு கொண்டுபோனபோது, அங்கே வேலைபார்த்த அத்தை ஓடிவந்தாள். "மருந்து சூடாகுதுண்ணே. எல்லாரையும் வெளிய அனுப்பிருவமா?"

"லோடு ஏத்த லாரி நிக்குது. பாப்போம்."

அத்தை மருந்து அறைக்குத் திரும்பினாள். அறை வெடித்தது.

"எல்லாம் விதி" என்று அப்பா கதறினார், மேடையில் கதறிய அதே குரலில். ஊர் மறுபடி அழுதது. விதியாம்! "போங்க" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

அதிகாரியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாருங்க சார். நீங்க பாத்து முடிக்கிற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."