ஆறு நொடி எரிய வேண்டிய விளக்கு

என் அக்காவின் தாடை உடைந்ததற்குக் காரணம் நான்.

பனியில் நின்ற கரும்பு டிராக்டர் அல்ல. அக்கா ஓட்டிச் சென்ற வண்டியில் ஏர்பேக் வேலை செய்யாது என்பதற்கான அடையாளத்தை, அதை வாங்குவதற்கு முன்பே, பட்டப்பகலில், நான் கண்ணாரக் கண்டேன். கண்டுவிட்டு, "எல்லாம் சரி" என்று சொன்னேன்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நீங்கள் என்னை மேடையில் கேட்டிருக்கக்கூடும். பாகூர்ப் பக்கமும் வில்லியனூர்ப் பக்கமும் திருவிழாப் பட்டிமன்றங்களில், அணியின் இறுதிப் பேச்சாளனாக எழுந்து, "அவையோரே..." என்று இழுத்துத் தொடங்கும் இளைஞன் நான்தான். இங்கே அந்த விளி வேண்டாம். அதை உச்சரிக்கும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நம்பவில்லை. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அதுவும் கோழைத்தனம்தான், தெரியும்.

அக்கா கயல்விழி, பாகூருக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. மாமா திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வீடு கரிக்கலாம்பாக்கத்தில். ஒரே மகள் இனியா, இரண்டாம் வகுப்பு, அம்மா வேலை பார்க்கும் பள்ளியிலேயே படிக்கிறாள்.

மாமாவோடு பணியாற்றிய ஒருவர் விழுப்புரம் சாலையில் சிறிய காரில் சென்று, திரும்பி வரவில்லை. அந்தச் சாவு வீட்டிலிருந்து வந்த மாமா, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். மூன்றாம் நாள் முடிவெடுத்துவிட்டார். தகடு போன்ற வண்டியில் தன் பெண்டாட்டியும் பிள்ளையும் போகக் கூடாது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெரிய எஸ்யூவி, மோதல் சோதனையில் முழு நட்சத்திரங்களும் பெற்றது, பழையதாகக் கிடைத்தால் எட்டிப் பிடித்துவிடலாம். வயலை மனையாக்கி விற்ற வகையில் கையில் கொஞ்சம் பணம் இருந்தது.

அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. சின்ன வண்டியானாலும் புதிது வேண்டும் என்றாள்.

மாட்டுப் பொங்கலன்று மதியம், உறவினர் எல்லாரும் உண்டு முடித்துக் கூடத்தில் சாய்ந்திருந்தபோது, மாமாதான் ஆரம்பித்தார். "மச்சான் இருக்கும்போது நாம ஏன் சண்ட போடணும்? பட்டிமன்றமே வெச்சிடலாம்." தலைப்பை நான் சூட்டினேன்: குடும்பத்தின் உயிர் காப்பது புதிய சிறு வண்டியா, பழைய பெரு வண்டியா? மாமா நடுவர். டம்ளரைக் கரண்டியால் தட்டுவது மணி.

"நடுவரே பெரிய வண்டி கட்சிதான்பா. எனக்கு எங்கேருந்து தீர்ப்பு வரும்?" என்றாள் அக்கா. கூடம் சிரித்தது.

நான் விளையாட்டாகப் பேசவில்லை. விளையாட்டாகப் பேச எனக்குத் தெரியாது. வண்டிப் பேச்சு எழுந்த நாளிலிருந்தே மூன்று வாரம் படித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். மோதும்போது மடங்க வேண்டிய முன்பகுதி எது, மடங்கவே கூடாத கூண்டு எது, கதவுக்குள் ஓடும் எஃகுக் கம்பி எங்கே என்று ஒன்றுவிடாமல் அடுக்கினேன். "புதுமை என்பது வண்ணத்தில் இருக்கிறது, பாதுகாப்பு என்பது எலும்பில் இருக்கிறது" என்றேன். கைதட்டினார்கள்.

அக்கா எழுந்து நிற்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் சரிடா. பழைய வண்டியில யாரு இன்னா பண்ணி வெச்சிருக்கான்னு நமக்கு எப்பிடித் தெரியும்?"

இன்று யோசித்தால், அந்த அவையில் பேசப்பட்டவற்றுள் அது ஒன்றுதான் பேச்சு. மற்றவை ஓசை. ஆனால் அன்று நான் என்ன செய்தேன்? அரை நொடி நிறுத்தினேன். நிறுத்தினால் அவை முன்னால் சாயும். அது எங்கள் பயிற்சி. பிறகு சொன்னேன்: "தெரியாதவர்களுக்காகத்தான், தெரிந்த தம்பி ஒருவனைப் பெற்றிருக்கிறீர்கள்."

மாமா டம்ளரை மூன்று முறை தட்டினார். தீர்ப்பு எனக்கு.

வெல்லச் சோற்றை என் வாயில் திணித்து, "வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிடும்டா" என்றாள் அக்கா. அவளுக்கு வருத்தமே இல்லை. தோற்பது அவளுக்கு எளிதாக வந்தது. எனக்கு வந்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு, வில்லியனூர்ப் புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு பழைய வண்டிக் கடைக்குப் போனோம். தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்றார் மாமா. "நான் இருக்கிறேனே மாமா" என்றேன்.

வண்டி வெள்ளை. தேர்போல நின்றது. நான் குறிப்பேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கதவு இடுக்குகள் சமம். அடியில் துரு இல்லை. இருக்கைக்குக் கீழே வெள்ளம் புகுந்த சேறு இல்லை. அக்கா இனியாவோடு பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மாமா வெளியே கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன்.

என் குறிப்பேட்டின் பன்னிரண்டாம் வரி இது. சாவியை முதல் திருப்பில் நிறுத்தினால், மீட்டர் பலகையில் விளக்குகள் எல்லாம் எரியும். அவற்றுள் ஒன்று, வயிற்றுக்கு முன்னே உருண்டை ஒன்றோடு அமர்ந்திருக்கும் சிறு மனித உருவம். அது ஏறத்தாழ ஆறு நொடி எரிந்து அணைந்தால் ஏர்பேக் நலம். அணையாமல் எரிந்தால் பழுது. எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க யாரோ அந்த விளக்கையே செத்துப்போகச் செய்திருக்கலாம். முன்பு எங்கோ மோதி, பை ஒருமுறை விரிந்து, புதிதாக ஒன்று பொருத்தாமல் ஸ்டியரிங் மூடியை மட்டும் ஒட்டிய வண்டியாக இருக்கலாம்.

சாவியைத் திருப்பினேன். மற்ற விளக்குகள் எரிந்தன. அது எரியவில்லை.

அணைத்து மீண்டும் திருப்பினேன். எரியவில்லை.

மூன்றாம் முறையும்...

"இன்னாடா, எல்லாம் சரியா?" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

அந்தக் கணத்தில் எனக்குள் நடந்ததை நேர்மையாகச் சொல்ல முயல்கிறேன். உயிரைப் பற்றி நான் நினைக்கவில்லை. இனியாவைப் பற்றி நினைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த உறவினரை நினைத்தேன். "யாரு இன்னா பண்ணி வெச்சிருக்கான்னு எப்பிடித் தெரியும்?" என்ற அந்தக் கேள்வியை நினைத்தேன். வாய் திறந்தால், அந்தக் கேள்வி வென்றுவிடும்.

மேடைப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. உன் கட்சியின் ஓட்டையை நீ காட்டாதே. எதிரணி காணாத ஓட்டை, ஓட்டையே அல்ல. நான் அந்த விதிக்குள்ளேயே வளர்ந்தவன். எந்தக் கட்சி தந்தாலும் அதை நம்பத் தொடங்கிவிடுவேன். அன்று எனக்கு வாய்த்த கட்சி, அந்த வெள்ளை வண்டி.

பல்பு போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எல்லாம் சரிக்கா."

வாங்கிவிட்டார்கள். பாகூர்க் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். எனக்கு மாமா ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார்.

பதினொரு மாதம் அந்த வண்டி ஓடியது. எத்தனையோ முறை நானும் அதில் ஏறினேன். அக்கா சாவியைத் திருப்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லலாம் என்று தோன்றும். அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். நகர்ந்த பிறகு சொல்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அப்படியே ஒரு பழக்கமாகிவிட்டது. மனம் மரத்துப்போவது வலியோடு நடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சத்தமே இல்லாமல் நடக்கிறது.

மார்கழியில் ஒரு காலை. பள்ளிக்குப் புறப்பட்டிருந்தார்கள். வயல் ஓரச் சாலையில் எதிரே இருப்பது தெரியாத பனி. அச்சு முறிந்த கரும்பு டிராக்டர் ஒன்று சாலையிலேயே நின்றிருந்தது. பின்னால் விளக்கில்லை, சிவப்பு ஸ்டிக்கரும் இல்லை. அக்கா பிரேக் மிதித்திருக்கிறாள். போதவில்லை.

நான் புகழ்ந்த கூண்டு மடங்கவில்லை. நான்கு கதவுகளும் திறந்தன. பின்னால் பெல்ட் போட்டிருந்த இனியாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்கா பெல்ட் போட்டிருந்தாள். ஆனாலும் முகம் ஸ்டியரிங்கில் மோதியது. அங்கே விரிந்து தாங்கியிருக்க வேண்டியது விரியவில்லை. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மாமா கேட்டார். "ஏர்பேக் இருக்குதுன்னு தானே மச்சான் வாங்கினோம்? ஏன் தொறக்கல?"

நான் விளக்கினேன். டிராக்டர் பெட்டியின் இரும்பு உயரத்தில் இருக்கும். அது பம்பருக்கு மேலே தாக்கினால் ஏர்பேக்கின் உணர்கருவிக்கு அதிர்ச்சி சரியாகப் போய்ச்சேராது. அத்தகைய மோதலில் பை விரியாமலும் போகலாம். ஒவ்வொரு சொல்லும் பொதுவில் உண்மை. அந்த வண்டிக்கு அது பொருந்தாது என்பது எனக்கு மட்டும் தெரியும். குரல் நடுங்கவில்லை. இடையில் சரியான இடத்தில் நிறுத்தவும் செய்தேன். அது என்னை இன்றும் அச்சுறுத்துகிறது.

"சரிதான்" என்றார் மாமா. பிறகு என் தோளைப் பற்றிக்கொண்டு அழுதார். "வேற வண்டியா இருந்திருந்தா ரெண்டு பேருமே இல்ல மச்சான். நீ சொன்ன வண்டிதான் காப்பாத்திச்சு."

மறுநாள் நான் மட்டும், மோதிய வண்டியை இழுத்துவந்து போட்டிருந்த கொட்டகைக்குப் போனேன். ஸ்டியரிங் நடுவில் இருந்த மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். காலி அட்டைப்பெட்டிபோல உள்ளே அமுங்கியது. ஓரத்தில் பசை காய்ந்து மஞ்சளாகியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். பை இருக்க வேண்டிய இடத்தில் பழைய துணியைச் சுருட்டி வைத்திருந்தார்கள். மூடியைத் திரும்பப் பொருத்தினேன். நேராக, யாருக்கும் தெரியாதபடி பொருத்தினேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? அந்தத் துணியைத் திணித்தவனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவனுக்கு அதில் போகப்போவது யார் என்று தெரியாது. அவ்வளவுதான்.

அக்காவின் தாடைக்குள் தகடு வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். எலும்பு கூடிவிட்டது. கீழுதட்டின் இடப்பக்கம் மட்டும் உணர்வு திரும்பவில்லை. நரம்பு போய்விட்டது, வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். டீ குடிக்கும்போது அந்த ஓரத்தில் வழியும். அவளுக்குத் தெரியாது. எதிரே இருப்பவரின் பார்வை அங்கே போவதைக் கண்டு, முந்தானையால் துடைத்துக்கொள்வாள்.

"என் வாயும் உன் வாய் மாதிரி ஆயிடிச்சிடா. அது பாட்டுக்கு ஓடுது" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

சென்ற மாதம் புது வண்டி பார்க்கப் போனார்கள். பெரியதுதான், இந்த முறை புதியதும். என்னை விடவில்லை. "நீ பாத்து சரின்னு சொன்னாத்தான்டா எனக்கு தைரியம்" என்றாள் அக்கா.

மாமா விற்பனையாளரோடு மேசைக்குப் போனார். அக்கா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். நான் பக்கத்தில். பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் எல்லாம் எரிந்தன. அந்தச் சிறு மனிதனும் சிவப்பாக எரிந்தான். மனத்துக்குள் எண்ணினேன். ஆறில் அணைந்தான்.

"இன்னாடா அது, வயித்துக்கு முன்னாடி பந்து வெச்சிக்கினு ஒருத்தன்?"

"ஏர்பேக் லைட்டுக்கா. சரியா இருந்தா, எரிஞ்சி அணையும்."

அக்கா அந்த விளக்கு அணைந்த இடத்தை விரலால் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வெள்ள வண்டியில இது எரிஞ்சி நான் பாத்ததே இல்லியேடா."

குற்றச்சாட்டு அல்ல. கேள்விகூட அல்ல. நினைவிலிருந்து எடுத்து என் முன்னே வைத்தாள், அவ்வளவுதான். உதட்டோரம் ஈரமாக இருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. கதவுகள் மூடியிருந்தன. வேறு யாரும் இல்லை. ஒருவன் உண்மை பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் இந்த உலகத்தில் அமையுமா?

"அது பழைய மாடல்க்கா. அதுல இந்த லைட்டே கிடையாது."

முதல் முறை நான் கண்டதை மறைத்தேன். அதை ஓர் இளைஞனின் செருக்கு என்று நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இந்த இரண்டாவதை என்ன பெயரிட்டு அழைப்பீர்கள்? நான் தேடிப் பார்த்துவிட்டேன். என் சொற்களஞ்சியத்தில் அதற்குச் சொல் இல்லை.

"அதான பாத்தேன்" என்றாள் அக்கா. நம்பிவிட்டாள். அன்று எழுந்து நிற்காமல் கேட்டுத் தோற்றாள், இன்றும் அப்படியே தோற்றுவிட்டாள்.

அந்த வண்டியையே வாங்கினார்கள். சனிக்கிழமைகளில் என்னையும் ஏற்றிக்கொள்கிறாள். பொத்தானை அழுத்திவிட்டு, வண்டியை நகர்த்தாமல் அந்த விளக்கையே பார்த்தபடி காத்திருக்கிறாள். இனியாவும் பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து விரல்விட்டு எண்ணுகிறாள். ஆறு நொடி. வீதியில் ஒரு நாய் கடந்துபோக, எதிர்வீட்டில் ஒருவர் வாளியை நிரப்ப... உண்மையைச் சொல்ல வேண்டிய நாக்கு என் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

விளக்கு அணைகிறது.

"சரியா இருக்குதுல்லடா?" என்கிறாள்.

"சரியா இருக்குக்கா" என்கிறேன். வண்டி நகர்கிறது.