கொரியப் படையலில் ஒரு வெறும் சட்டம்

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஒரு கொரியப் புகைப்படக் கலைஞரிடம் வேலை செய்கிறேன். விளக்குகள் என் பொறுப்பு. அவர் ஆட்களைப் படம் எடுக்கமாட்டார். மேசையில் பொருள்களை அடுக்கி வைத்து எடுப்பார். அன்றைக்கு அடுக்கியது, அவர்கள் ஊரில் இறந்தவர்களுக்குப் படைக்கும் மேசை. மீனும் பழமும் இருக்கவேண்டிய இடத்தில் நூடுல்ஸ் பாக்கெட், பண்டிகைக்குப் பரிசாகக் கொடுக்கும் டின் இறைச்சி, கைபேசிப் பெட்டி. நடுவில், இறந்தவர் படம் வைப்பதற்கான, கறுப்பு நாடா கட்டிய வெறும் படச்சட்டம். அதில் கடை விலைச்சீட்டை வேண்டுமென்றே விட்டிருந்தார். கிண்ணத்தில் வைத்த சோற்றுக்கு வார்னிஷ் வேறு அடித்தார், பளபளக்கட்டுமாம்.

"முன்னோர்களும் இப்போது கடைச் சாமான்தான் கேட்கிறார்கள்" என்று ஜெர்மனில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊதுபத்தியைக் கொளுத்தியதிலிருந்தே நான் மேசைப் பக்கம் போகாமல் விளக்குகளோடு நின்றுகொண்டேன்.

டாக்டரைப் பார்க்க வாங்கியிருந்த டெர்மின் முடிந்து, என்னோடு வீட்டுக்குப் போக அம்மா வந்தார். மேசையைக் கண்டதும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார்.

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லையம்மா. படம் எடுக்கத்தான்."

"ஆளில்லாமல் படைக்கக்கூடாது பிள்ளை. அது ஆரையாவது கூப்பிட்டிடும்."

"விசர்க்கதை கதையாமல் இருங்கோ!" என்று கத்திவிட்டேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் முந்தி வரும்.

என் அண்ணன் எங்கள் நாட்டுப் போரின் கடைசி நாள்களில் காணாமல் போனவன். திவசம் செய்யச் சொன்ன சொந்தக்காரரை எல்லாம் அம்மா கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார். "உயிரோட இருக்கிற பிள்ளைக்குத் திவசமோ? வாயைக் கழுவுங்கோ!" அவன் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் சட்டை வாங்கி வைப்பார். வயதாக வயதாக உடம்பு போட்டிருப்பானென்று அளவையும் கூட்டிக்கொண்டே போனார். நானும் அந்தச் சட்டைகளை நம்பித்தான் இருந்தேன்.

அம்மா மேசைக்குக் கிட்டப் போனார். சட்டத்தை எடுத்து, விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினார். கலைஞர் என்னைப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. அம்மா கைப்பையைத் திறந்து அண்ணனின் பாஸ்போர்ட் படத்தை எடுத்தார்.

"வேண்டாமம்மா! இது பொய்ப் படையல்!"

"ஓம். பொய் எண்டபடியால்தான் வைக்கிறன். வீட்டில வைக்க என்னால ஏலாது."

படத்தைச் சட்டத்துக்குள் செருகினார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திராது. குனிந்து சோற்றை மணந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இதைப் பிள்ளை எப்பிடித் தின்னும்? ஓடிப்போய் நல்ல சோறு வாங்கிக்கொண்டு வா. உன்ர அண்ணைக்குப் படைக்கவேணும்."

போனேன். படியிறங்கும்போதுதான் அழுகை வந்தது. அன்று மத்தியானம் வரை எனக்கு அண்ணன் இருந்தான்.