தோள்பூட்டும் அரைஞாண் கயிறும்

இன்று காலை, தீர யோசித்து, புது ஷார்ட்ஸைத் தவிர்த்துப் பழையதையே அணிவது என்று முடிவெடுத்தேன்.

திண்டிவனத்தில் ஜியு-ஜிட்சு என்னும் ஜப்பானிய மல்யுத்த வகுப்பு. ஞாயிறன்று விழுப்புரத்தில் போட்டி. எங்கள் எடைப்பிரிவில் ஒருவருக்கே இடம் என்பதால், நானும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி செல்வமும் மோதினோம்.

அவர் என் கையை முதுகுப்பக்கம் முறுக்கித் தோளைப் பூட்டப் பார்த்தார். இதற்கு மாற்று, நம் இடுப்பு உடையை நாமே இறுகப் பிடித்துக்கொள்வது. பிடித்தேன். செல்வம் இழுத்து இழுத்து ஓய்ந்தார்.

"யோவ், இன்னாத்தய்யா புடிச்சிக்கினு கீற? ஷார்ட்ஸ்தான் தொளதொளன்னு கீதே!"

பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்திக் குனிந்து பார்த்தார். நான் பிடித்திருந்தது என் அரைஞாண் கயிற்றை.

"உடுப்பைத்தான் புடிக்கலாம் சார். இது உடுப்பா?"

"பொறந்ததுலேர்ந்து கட்டிக்கினு இருக்கேன் மாஸ்டர். உடம்புன்னே வெச்சிக்கோங்க."

"உடம்புன்னா நானும் புடிக்கலாம் இல்ல?" என்றார் செல்வம்.

பயிற்சியாளர் வெகுநேரம் யோசித்து, "புடிக்கலாம்னுதான் தோணுது," என்றார்.

ஆட்டம் தொடர்ந்தது. செல்வம் பிடித்து இழுத்தார். கயிறு அறுந்தது, கை பின்னால் போனது, தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டினேன்.

அரைஞாண் கயிறு உடையா, உடம்பா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வம் விழுப்புரம் போகிறார்.