கிழட்டு மாட்டுக்கு ஆறு பல் வைத்தவன் நான்

பாறையை உடைத்து அறுபது அடிக் கிணறு வெட்டியவன் நான். தண்ணீர் வராது என்று சத்தியம் செய்த மூன்று பேர் இன்றைக்கு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். வேலந்தாவளம் சந்தையில் அடுத்தவன் மாட்டுக்குக் கயிறு பிடித்து நின்று, பிறகு நான் தலையாட்டினால்தான் வியாபாரம் முடியும் என்கிற அளவுக்கு வந்தேன். எந்தக் காற்றுக்கும் அசையாத கொட்டகை ஒன்று கட்டினேன். அதற்குள் வாய்க்காலைத் திருப்பிவிட்டது மட்டும் கொஞ்சம் பிசகிவிட்டது, அதை விடுங்கள். ஏலப்பாறைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த மச்சானிடம் சொல்லி இருவாட்சிப் பறவையின் அலகு வரவழைத்தேன். ஒரு நாகப்பாம்பைச் சாராயத்தில் ஊறப்போட்டேன். செத்த ஆந்தை ஒன்றுக்குப் பஞ்சு அடைத்துக் கொம்பில் உட்கார வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, இருநூறு சொச்சம் எலும்புகளைக் கம்பியில் கோத்து ஒரு மாட்டையே நிற்க வைத்தேன். இப்படியாகப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரகிருதி சாஸ்திரம், அதாவது பிராணி, செடிகொடி பற்றிய பாடம், படிப்பதற்கு ஓர் அறையை உண்டாக்கியவன் நான். நான் படித்தது மூன்றாம் வகுப்பில் பாதி.

எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் என் பேரைச் சொல்லாதபோது அவர்கள் பேரை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? இப்போது அந்த அறையின் சரித்திரம் என்று சின்னப் புத்தகம் ஒன்று அச்சடித்திருக்கிறார்கள். படம் வரைந்து கொடுத்தவர், பூதக்கண்ணாடி கொடுத்தவர், மேசைக்கு மரம் கொடுத்தவர் எல்லாருடைய பேரும் இருக்கிறது. மாட்டைப் பற்றி, 'உள்ளூர் முயற்சியால் கிடைத்தது' என்று ஒரே வரி. உள்ளூர் முயற்சி என்று ஒருவனை எனக்குத் தெரியாது. அவன் ஒரு எலும்பாவது தூக்கியதை நான் பார்த்ததில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பிரகிருதி சாஸ்திர வாத்தியார் அக்கிரகாரத்துக்காரர். ஒரு சந்தை நாளில், நூறு உயிர்மாடுகளுக்கு நடுவில் வந்து நின்று, "ஓய், செத்த மாடு கிடைக்குமா?" என்று கேட்டார். ஒருத்தன் தன் எருதின் காதைப் பொத்தினான். நான்தான் அவரை ஓரமாகக் கூட்டிப்போனேன். எங்கள் வழக்கப்படி அவர் கையைப் பிடித்துத் துண்டுக்குள் இழுத்தேன். விலை பேசுவது விரலால்தானே? அவர் அதை அறியார். "ஐயோ, கையை விடும்! என்ன பண்றீர்?" என்று கத்தியதில் இரண்டு கன்றுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

"பயப்படாதீங்க சாமி. எத்தனை எலும்பு வேணுமுங்க?"

"மொத்தமும் வேணும். தலையிலேர்ந்து வால் வரைக்கும். சீமையிலேர்ந்து தருவிக்கச் சர்க்கார் மாட்டேங்கறான். எலும்புக்கூடு இல்லேன்னா வகுப்பு நிலைக்காது."

வகுப்புக்கு அப்போது தற்காலிக அனுமதிதான். மதராசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, சரி என்றால்தான் நிரந்தரம். வாத்தியார் என்னை ஹெட்மாஸ்டரிடமும் அழைத்துப்போனார். எனக்குக் காசு வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். "கண்ணாடிக் கூண்டு செய்வீங்கல்லங்க, அது மேல ஒரு பித்தளைத் தகடு. அதுல எம்பேரு. அவ்வளவுதானுங்க." ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "இன்ஸ்பெக்டர் சரின்னு சொல்லட்டும், மறுநாளே அடிச்சுடலாம்" என்றார். எனக்கு முன்னால், ஓடிப்போன மாட்டைப் பிடிக்கத் தவிர வேறெதற்காகவும் பள்ளிக்கூடத்துக்குள் போகாத வம்சம் எங்களுடையது. அங்கே என் பேர், அதுவும் பித்தளையில்!

மாட்டுக்கு எங்கும் போகவில்லை. நான் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய எருது அந்த மாசிதான் செத்திருந்தது. பதினெட்டு வருஷம் எனக்கு உழைத்தது. என்னைத் தூக்கி நிறுத்தியதே அதுதான். கொல்லையில் எருக்குழிப் பக்கம் புதைத்திருந்தேன். ஆடி கழிந்து தோண்டினேன். எறும்பும் மண்ணும் முக்கால் வேலையை முடித்துவைத்திருந்தன. மிச்ச வேலைக்கு எலும்பை வேகவைக்க வேண்டும். வீட்டில் நெல் அவிக்கிற அண்டாதான் பெரியது.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "ஏனுங்க, உசுரோட இருந்த மாட்டை வித்தீங்க, சரி. செத்ததையும் விக்கப் பொறப்பட்டீங்களா?"

"விக்கிலடி. படிப்புக்குக் குடுக்கறேன்."

"அந்த அண்டாவுல இனி நெல்லு அவிச்சா நானு ஊட்டை உட்டே போயிருவேன், பாத்துக்குங்க. நீங்களும் அந்த அண்டாவும் கொட்டாயிலயே இருங்க."

ஒன்றரை மாதம் கொட்டகையில்தான் படுத்தேன். பங்காளிகள் என் கையால் தண்ணீர் வாங்கவில்லை. எலும்பைக் கூரை மேல் காயப்போட்டால் பருந்து வந்தது, கீழே போட்டால் நாய் வந்தது. விலா எலும்பு ஒன்றை ஒரு நாய் எடுத்துக்கொண்டு கோயமுத்தூர்ப் பக்கம் போய்விட்டது. பக்கத்துக்குப் பதிமூன்று இருக்க வேண்டும். வேலமரக் கொம்பை அனலில் காட்டி வளைத்துச் சுண்ணாம்பு தேய்த்துப் பதிமூன்றாவதைச் செய்தேன். எந்தப் பக்கத்தில் எத்தனையாவது என்று நான் சொல்லப் போவதில்லை. படித்தவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

பல்லுக்கு வருகிறேன். சந்தை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: மாட்டின் வயது வாயில் இருக்கிறது. கீழ் வரிசை முன்பல்லில் பால்பல் விழுந்து ஜோடி ஜோடியாக நிலைப்பல் வரும். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் வந்தால் கடைசேர்ந்தது. ஆறு பல் போட்ட மாடுதான் மாடு, நல்ல வாலிபம். என் எருதுக்கோ பல்லெல்லாம் தேய்ந்து மொச்சைக் கொட்டை மாதிரி ஆகியிருந்தது. ஒன்று ஏற்கனவே விழுந்தும் விட்டது. வேகவைத்ததில் மிச்சமும் கழன்று கையில் வந்தன. அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் ஒரு மாட்டையும் அதன் உண்மை வயதோடு நான் நாலு பேர் முன்னால் நிறுத்தியதில்லை. ஊரான் மாட்டுக்கே அந்த மரியாதை செய்தவன், என் சொந்த மாட்டைக் கிழடு என்று காட்டுவேனா?

நாவல்பாறைப் பக்கம் பாம்பு கடித்துச் செத்த இளங்காளை ஒன்றின் தாடையை வாங்கிவந்தேன். ஆறு நிலைப்பல், ஓரத்தில் இரண்டு பால்பல். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரை ராவி, என் எருதின் தாடைக் குழியில் அரக்கு உருக்கி ஊற்றி நட்டேன். பொன் வேலை செய்கிறவன் கல் பதிப்பது போல. எட்டு நாள் ஆனது. முடித்துப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் உழைத்த மாடு நாலு வயசுக் காளையாகச் சிரித்தது.

வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு போய் அந்த அறையில் நிறுத்தினேன். வாத்தியார் சுவரில் ஒரு படத்தை விரித்தார். பள்ளிக்கூடத்தில் இருந்த எலும்புப் படம் அது ஒன்றுதான், குதிரைப் படம். அதையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்து, தூரத்திலிருந்து பிரம்பால் சுட்டினார். எலும்பைத் தொட்டால் அவர் தலைமுழுக வேண்டும். ஒரு நாளைக்கு நாலு வகுப்பு, நாலு தரம் முழுக முடியுமா? அதனால் எல்லாம் பிரம்புதான்.

"கீழ்ப் பல் பேஷா இருக்கு, முத்துக் கோத்தாப்போல. ஆனா ஓய், மேல் முன்பல் எங்கே? ஒண்ணுகூட இல்லையே! படத்திலே வரிசையா இருக்கு பாரும். பல்லை வழியிலே தொலைச்சுட்டீரா, இல்லே யாருக்காவது குடுத்துட்டீரா?"

"மாட்டுக்கு மேல முன்பல்லே கிடையாதுங்க சாமி."

"நன்னாருக்கு! பல் இல்லாம எப்படிப் புல்லைக் கடிக்கும்? இன்ஸ்பெக்டர் என்னைப் பிடிச்சுண்டு கேட்டார்னா?"

"உங்க ஊட்டுல மாடு இருக்குதுங்களா?"

இருந்தது. நேரே அவர் வீட்டுக் கொல்லைக்குப் போனோம். பதினொரு வருஷமாக அந்தப் பசுவின் பாலில் காப்பி குடித்தவர் அவர். நான் அதன் மூக்கைப் பிடித்து உதட்டைத் தூக்கினேன். மேலே வெறும் ஈறு, செருப்புத் தோல் போல வழவழவென்று. வாத்தியார் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

உள்ளே திரும்பி மாமியைக் கூப்பிட்டார். "ஏண்டி, நம்ம பசுவுக்கு மேல் பல் இல்லையே, உனக்குத் தெரியுமோ?"

மாமி அடுக்களையை விட்டு வரவே இல்லை. "இதைத் தெரிஞ்சுக்கத்தான் இத்தனை நாள் படிச்சேளா?" என்று குரல் மட்டும் வந்தது.

வாத்தியார் நல்ல மனுஷர். திரும்பும்போது என்னிடம் சொன்னார்: பழைய காலத்துச் சீமைப் பண்டிதர்களும் இப்படித்தானாம். ஒருத்தர் புஸ்தகத்தில் எழுதுவாராம், நூறு வருஷம் எல்லோரும் அதைப் பார்த்து எழுதுவார்களாம், எவனாவது ஒருத்தன் மிருகத்தின் வாயைத் திறந்து பார்க்கிற வரைக்கும். "அப்படித் திறந்து பார்த்தவன் பேரைப் போட்டாங்களா சாமி?" என்று கேட்டேன். "போட்டா" என்றார். எனக்கு நிம்மதியாயிற்று.

இரண்டு வருஷம் ஓடியது. பிள்ளைகள் என் மாட்டைப் பார்த்து எழுதிப் பரீட்சை தேறினார்கள். ஒரே ஒரு சங்கடம். வாயைப் பார்த்தால் நாலு வயது. முழங்கால் எலும்பு வீங்கி, முதுகெலும்பு இரண்டு இடத்தில் ஒட்டிப்போய், நுகத்தடி சுமந்த கிழம். பையன்கள் கேட்டிருக்கிறார்கள். வாத்தியார் யோசித்து, கிழக்குப் பாலக்காட்டுப் புல்லில் ஏதோ ஒரு சத்து குறைவு, அதனால் இந்தப் பக்கத்து மாடுகளுக்கு எலும்பு மட்டும் முந்தி மூப்படைகிறது என்று பாடம் நடத்தியிருக்கிறார். இரண்டு வகுப்பு அதை நெட்டுருப் போட்டது. என் வயலில் விளைந்த புல்லைத்தான் அவர் சொன்னார். கோபம் வந்தது. ஆனால் தகடு வரட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நான் சரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு காலையிலேயே போய் வாசலில் நின்றேன். தகடுகூட அடித்துவைத்துவிட்டார்கள், துணி போர்த்தி மேசை மேல் இருந்தது. இன்ஸ்பெக்டர் தம் இளமையில் மாட்டு வைத்தியம் படித்தவராம். அது எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பிரம்பு எடுக்கவில்லை. நேரே போய் முழங்காலைத் தடவினார், முதுகைத் தடவினார், கையை வாய்க்குள் விட்டார். ஒரு பல்லை ஆட்டினார். 'டக்' என்றது. வேரில் சிவப்பு அரக்கோடு பல் அவர் விரலில் நின்றது.

ஹெட்மாஸ்டருக்கு வேர்த்து ஊற்றியது. வாத்தியார் முகம் சுண்ணாம்பு.

"இது யார் செய்த வேலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாயைத் திறந்தால் தகடு போச்சு. மூடிக்கொண்டிருந்தால் வாத்தியார் தலையில் விழும், வகுப்பும் போய்விடும். அந்த மனுஷர் பிரம்பை இறுகப் பிடித்துக்கொண்டு என் பக்கம் பார்க்காமலே நின்றார். காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்தேன். உண்மையில் அவருக்கு ஒன்றுமே விளங்கியிருக்கவில்லை.

"நானுங்க" என்று உள்ளே போனேன். "மாடு கிழமுங்க. நாலு பேருக்கு முன்னால கிழமுன்னு நிறுத்த எனக்கு மனசு வரலீங்க."

"அசல் பல் எங்கே?"

மடியிலிருந்து துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தேன். தேய்ந்த ஏழு பல். எங்கே போனாலும் அது என்னோடுதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "வேறு என்னென்ன செய்வீர் சந்தையில்? சொல்லும்."

சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னேன். கொம்பைச் சீவி எண்ணெய் தேய்த்து வயதைக் குறைப்பது, தேய்ந்த பல்லை அரத்தால் ராவிக் கூராக்குவது, கண்ணுக்கு மேலே விழுந்த பள்ளத்தில் காற்று ஊதி மேடாக்குவது, ஆகாத சுழியை மயிர் சுட்டு மறைப்பது. பையன்கள் எழுதி எழுதி மை தீர்ந்துபோனது. வாத்தியாரே ஒரு கடுதாசி வாங்கி எழுதினார். அந்த அறையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பாடம் நடந்ததில்லை என்று அன்றிருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

வகுப்பு நிரந்தரமாயிற்று. அசல் பல்லை ஒரு பெட்டியிலும் நான் நட்ட பல்லைத் தாடையிலேயும் வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிப் பாடம் நடத்த வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவைத்துவிட்டுப் போனார். நான் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். அவர் துணி போர்த்திய தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்ஸ்பெக்டர் சரின்னுட்டாருங்க" என்றேன்.

"வகுப்பைச் சரின்னார். பல்லைச் சொல்லலே. மோசடிக்குப் பித்தளையிலே பேர் போட்டா ஊர் சிரிக்காதாய்யா?" என்று உள்ளே போய்விட்டார். அந்தத் தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'செருப்பைக் கழற்றவும்' என்று அடித்து வாசலில் மாட்டியிருக்கிறார்கள். சுவரோடு ஒட்டி என் பேர் இருக்கிறது. மாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அட்டை. ஒன்றில் 'முதிர்ந்த எருதின் பற்கள்'. இன்னொன்றில் 'சந்தை மோசடிக்கு ஒரு மாதிரி'. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. செய்தவன் பேர்தான் இல்லை.

பேர் இல்லாததன் விளைவைக் கேளுங்கள். வேலந்தாவளத்தில் என்னிடம் தொழில் பழகிய தரகர்கள் இரண்டு பேர், அந்தப் பல்லை நட்டது தாங்கள்தான் என்று டீக்கடையில் சொல்லித் திரிகிறார்கள். ஒருத்தனுக்கு அரக்கு உருக்கவே தெரியாது. இப்படி விட்டால் நாளைக்கு உள்ளூர் முயற்சியும் வந்து உரிமை கொண்டாடுவான்.

ஆகவே பள்ளிக்கூடத்தாருக்கு நான் சொல்வது இதுதான். புத்தகத்தை மறுபடி அச்சடியுங்கள். மாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அட்டையில் மூன்று வரி சேர்த்து எழுதுங்கள்: மாட்டுக்குச் சொந்தக்காரர், எலும்பு கோத்தவர், கிழட்டு வாயில் இளம்பல் நட்டவர். அதன் கீழே என் பேரை, இன்ஷியலோடு முழுசாகப் போடுங்கள். மோசடி என்கிற சொல்லை எடுக்கச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும். அதைச் செய்ததும் நான்தான்.